விமானத்தில் போன 24,000 பீஸ்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. 2017 ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த மாதம் முதல் தேதியே ஜிஎஸ்டி வந்துவிட்டது. பழைய பில் முறையை மாற்றி, டீசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போடுவதை மாற்றி, ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து ஓட்டிய அந்த மூன்று மாதத்தில்தான் முதலாளிக்கு என் முகம் பழகியது. ஆண்டு வியாபாரம் 40 கோடி ரூபாய்க்குப் பக்கம். இந்த ஊர்க் கணக்கில் அது பெரிய கம்பெனியும் இல்லை, சின்னதும் இல்லை. நூலை நாங்கள் வாங்குவோம். நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி இறுக்குவது) எல்லாம் வெளியே கூலிக்கு, ஜாப் ஒர்க். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் மட்டும் சொந்த இடத்தில்.

2018 பிப்ரவரியில் முதல்முறையாக "கம்ப்யூட்டர் செலவுக்கு ஒரு பட்ஜெட் போட்டுக் கொடு" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். புது சர்வர், 12 கம்ப்யூட்டர், கம்பெனியின் எல்லாப் பிரிவையும் ஒரே இடத்தில் கணக்கு வைக்கும் முழு இஆர்பி மென்பொருள், தையல் லைனுக்கு ஐந்து டேப்லெட், ஃபயர்வால், கேமரா என்று அடுக்கி 22 லட்சத்துக்குப் பட்டியல் போட்டேன். கலர் கலராக எக்செல் வேறு.

முதலாளி அதை வாங்கிப் பார்த்தார். நடுவில் சாயப்பட்டறைக்கு இரண்டு போன். "லாட்டு எப்பங்க வரும்? நேத்தே வரும்னீங்களே." போனை வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "தம்பி, இதெல்லாம் சரி. இதுல எது இருந்தா ஷிப்மெண்ட் நேரத்துக்குப் போகும்?"

"எல்லாமே உதவும்ங்க" என்றேன்.

இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது பதிலே இல்லை. ஆனால் அவரும் அதைத் தொடர்ந்து கேட்கவில்லை. "கொஞ்சம் கொறைச்சுப் போடு" என்றார். 22 லட்சம் 14 லட்சம் ஆனது. எதை எடுப்பது, எதை விடுவது என்று பேச்சே இல்லை. கேமராவில் நாலு குறைந்தது, கம்ப்யூட்டரில் ஐந்து குறைந்தது, சர்வர் ஒரு படி இறங்கியது. காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போலத்தான்.

அந்த 14 லட்சத்துக்கும் உண்மையில் சம்மதம் வந்தது என்னால் அல்ல, ஆடிட்டர் ஆபீஸ் சொன்ன ஒரு வார்த்தையால். "லாபம் கூட வருதுங்க, மார்ச்சுக்குள்ள ஏதாவது வாங்கிப் போட்டுருங்க." இதை ஊர் முழுக்கக் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும். கம்ப்யூட்டருக்கும் மென்பொருளுக்கும் வருமான வரியில் 40 சதவீதம் தேய்மானம் உண்டு. ஆனால் அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி, 20 சதவீதம்தான். மார்ச் மாதம் 10 லட்சத்துக்கு வாங்கினால் 2 லட்சம் கழியும். எங்களுடையது பார்ட்னர்ஷிப் கம்பெனி, 30 சதவீத வரி. ஆக அந்த ஆண்டு மிச்சமாவது 60 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்காகத்தான் அவ்வளவு பணத்தை அவசரமாகச் செலவழித்தோம். அதே பொருளைச் செப்டம்பருக்குள் வாங்கி ஓட்டியிருந்தால் முழு 40 சதவீதமும் கிடைத்திருக்கும், யோசிக்க ஆறு மாதமும் இருந்திருக்கும்.

இஆர்பி வந்தது. நூல், ஆர்டர், உற்பத்தி, ஃபினிஷிங், அக்கவுண்ட்ஸ், ஆள் கணக்கு என்று எல்லாப் பிரிவும் சேர்த்தே வாங்கினோம். தனித்தனியாக வாங்கினால் விலை கூடும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் அக்கவுண்ட்ஸும் ஆர்டரும் மட்டும்தான் ஓடின. உற்பத்திப் பிரிவு கடைசி வரை உயிர்பிடிக்கவில்லை.

டேப்லெட் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை லைன் சூப்பர்வைசர் எத்தனை பீஸ் முடிந்தது என்று அதில் தட்ட வேண்டும். மேலே ஆபீஸில் முதலாளி பார்ப்பார். இதுதான் ஏற்பாடு. முதல் வாரம் தட்டினார்கள். இரண்டாவது வாரம் சாயங்காலம் மொத்தமாகத் தட்டினார்கள். மூன்றாவது வாரம் நான் போய்க் கேட்டால்தான் தட்டினார்கள். பஞ்சு படிந்து சார்ஜ் போடும் ஓட்டை அடைத்துக்கொண்டது, திரையில் கை பட்டால் வேலை செய்யவில்லை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். பஞ்சு உண்மைதான். ஆனால் அது நிஜமான காரணம் இல்லை என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. எங்களிடம் தையல் பெரும்பாலும் காண்ட்ராக்ட். சனிக்கிழமை கூலி, நோட்டில் இருக்கும் பீஸ் கணக்கை வைத்துத்தான். நோட்டில் எழுதாவிட்டால் ஒருவருக்குச் சம்பளம் நிற்கும். டேப்லெட்டில் தட்டாவிட்டால் யாருக்கும் எதுவும் நிற்காது. அப்புறம் எதற்குத் தட்டுவார்கள்? யாருடைய சனிக்கிழமையையும் தொடாத ஒரு பொருளை லைனில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஆட்களுக்குப் பழக்கம் போதவில்லை என்று நான் இரண்டு முறை டிரெய்னிங் வேறு கொடுத்தேன்.

2019இல் அந்த ஷிப்மெண்ட். ஐரோப்பிய பையர் (வாங்கும் கம்பெனி), நேவி புளூவில் ரவுண்ட் நெக் டிஷர்ட், 24,000 பீஸ். எஃப்ஓபி ஆர்டர் என்பதால் தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றிக் கொடுத்துவிட்டால் கப்பல் வாடகை பையருடையது. ஆனால் தேதி தவறினால் பையர் "ஏரில் அனுப்பு" என்பார், அதாவது விமானத்தில், அந்த வாடகை நம் தலையில். ஒரு பீஸ் 180 கிராம் வைத்தாலும் நாலே கால் டன்னைத் தாண்டும். விமானத்துக்குக் கொடுத்தது 13 லட்சம். டாக்குமெண்ட் பிரிண்ட் எடுத்தது நான்தான். அந்தத் தொகையைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. என் மொத்த பட்ஜெட் 14 லட்சம். அது பிறந்து வளர்ந்து ஒரு வருடம் தாண்டியும், இந்த 13 லட்சத்தில் ஒரு ரூபாயைக்கூட அதால் தடுக்க முடியவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

அன்றிலிருந்து ஒரு வாரம் ஷிப்மெண்ட் ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரை வருடத்தில் போன ஷிப்மெண்ட் 31. அதில் ஒன்பது தாமதம், அல்லது கடைசி நிமிடத்தில் தப்பித்தது. ஒவ்வொன்றுக்கும், ஆர்டரைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசரிடம் போய் "அப்போ என்ன ஆச்சு?" என்று கேட்டு நோட்டில் எழுதினேன். பையர் அப்ரூவல் தாமதம் இரண்டு. பிரிண்டிங் கோளாறு ஒன்று. ஆள் பற்றாக்குறை ஒன்று. மீதி ஐந்திலும் ஒரே பதில்: "துணி ஷார்ட்டேஜுங்க."

துணி ஏன் குறைகிறது? நூறு கிலோ கிரே துணி, அதாவது சாயம் போடாத துணி, சாயத்துக்குப் போனால் நூறு கிலோவாகத் திரும்பி வராது. சாயம், காம்பாக்டிங் எல்லாம் முடிந்து வரும்போது சில கிலோ கழிந்துதான் வரும். அதை எதிர்பார்த்துத்தான் நூல் போடுவோம். சிக்கல், எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கழியும்போது. அது எங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதுதான் விஷயம். துணி குடோனுக்கு வரும். டீசியில் பட்டறைக்காரர் போட்ட எடை இருக்கும். குடோன் அண்ணன் ரோலை எண்ணி இறக்குவார், எடையைச் சில சமயம் போடுவார், டீசியை ஒரு கம்பியில் குத்தி வைப்பார். வாரக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் பையன் அதை இஆர்பியில் ஏற்றுவான். கட்டிங் மாஸ்டர் துணியை மேசையில் விரித்து வெட்டி முடிக்கும்போதுதான் "மீடியம் சைஸ்ல 1,400 பீஸ் வராதுங்க" என்று சொல்வார். துணி வந்து அதற்குள் எட்டு, ஒன்பது நாள் ஓடியிருக்கும். பிறகு அந்தக் குறைவுக்கு மறுபடி நூல், நிட்டிங், சாயம். சின்ன லாட் என்பதால் பட்டறையில் கடைசி வரிசை. வந்தால் முதலில் வந்த துணியோடு ஷேடு ஒத்துப்போகாது. நேவி புளூவில் என்ன நடந்ததோ அதேதான் மற்ற நாலிலும்.

அந்த எட்டு நாளை மீட்பதற்கு என்ன வேண்டும் என்று பார்த்தேன். கம்ப்யூட்டரோடு இணையும் ஒரு தராசு. ரோலில் ஒட்ட ஒரு லேபிள் பிரிண்டர். குடோனில் ஒரு பழைய கம்ப்யூட்டர். போன எடை, வந்த எடை, ஆர்டருக்கு வேண்டிய எடை மூன்றையும் ஒரே வரியில் வைத்து, குறைந்தால் அன்றைக்கே மெர்ச்சண்டைசர் போனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு சின்ன புரோகிராம். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குள் முடிந்தது. அதில் பாதி புரோகிராம் எழுதியவருக்கு.

பணத்தைவிடக் கஷ்டம், குடோனில் இன்னொரு ஆளைப் போட வைத்தது. லாரி வந்து நிற்கும்போது ஒவ்வொரு ரோலாகத் தராசில் வைக்க ஒருவரால் ஆகாது. அந்த ஆள் சம்பளத்தையும் என் பட்ஜெட்டில் எழுதினேன். "இது எப்படி கம்ப்யூட்டர் செலவு?" என்று அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சண்டைக்கு வந்தார். அந்த ஆள் இல்லாவிட்டால் தராசு இன்னொரு டேப்லெட் ஆகிவிடும் என்று சொன்னேன். முதலாளிக்கு டேப்லெட் ஞாபகம் இருந்தது, சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குடோன் அண்ணனின் நோட்டையும் நான் பிடுங்கவில்லை. "நீங்க நோட்டுலயும் எழுதுங்கண்ணா" என்றேன். நாலு மாதம் இரண்டிலும் எழுதினார். அப்புறம் ஒருநாள் அவராகவே நோட்டை விட்டுவிட்டார்.

ஷார்ட்டேஜ் நின்றுவிட்டதா என்றால் இல்லை. துணி குறையத்தான் செய்தது. குறைந்தது அன்றைக்கே தெரிந்தது, அவ்வளவுதான். பட்டறையில் அதே கலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டால் "சரி, கூடவே ஓட்டித் தர்றேன்" என்பார்கள். பத்து நாள் கழித்துக் கேட்டால் கிடைக்காது. எடை இருப்பதால் பட்டறைக்காரரோடு பேச்சும் மாறியது. ஏர் ஷிப்மெண்ட் அதற்குப் பிறகும் ஒருமுறை போயிருக்கிறது, பிரிண்டிங் கோளாறால். அதற்குத் தராசு என்ன செய்யும்?

இதற்கு அப்புறம் பட்ஜெட் தாளையே மாற்றினேன். முன்பு முதல் கட்டத்தில் பொருளின் பெயர் இருக்கும். இப்போது அந்த இடத்தில் எங்கே வேலை நிற்கிறது, அதனால் போன வருடம் எவ்வளவு போனது என்று இருக்கும். பையர் பணத்தைப் பிடித்து அனுப்பும் டெபிட் நோட், ஏர் வாடகை, ஓவர்டைம், இவற்றிலிருந்துதான் எண்ணை எடுப்பேன், என் கற்பனையில் இருந்து எடுக்கமாட்டேன். இரண்டாவது கட்டத்தில் அது யாருடைய தலைவலி என்று ஆள் பெயர். மெர்ச்சண்டைசரோ, கட்டிங் மாஸ்டரோ, அவரே கூட்டத்தில் உட்கார்ந்து "இது எனக்கு வேணும்" என்று கேட்க வேண்டும். நான் அவருக்காகப் பேசமாட்டேன். இப்படிச் செய்த முதல் வருடமே பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்தது. கேட்க ஆள் வரவில்லை. அவையெல்லாம் எனக்கு மட்டும் பிடித்த பொருள்கள். பொருளின் பெயரும் விலையும் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டன. விலை எழுதும்போது 18 சதவீத ஜிஎஸ்டி, இரண்டாம் ஆண்டிலிருந்து வரும் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்), பழக்கிவிட ஆகும் ஆள் நாள் எல்லாம் சேர்த்தே எழுதுகிறேன். ஜிஎஸ்டி பின்னால் கிரெடிட்டாக வரும்தான், ஆனால் முதலில் கையிலிருந்து போக வேண்டுமே.

எல்லாச் செலவையும் இந்தத் தாளில் திணிக்க முடியாது. சட்டம் கேட்பது தனி. அரசுத் தளத்தில் பதிந்து போட வேண்டிய பில்லான இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்கு வந்தது. பிறகு 100, 50 என்று இறங்கி, 2022 ஏப்ரல் 1இல் 20 கோடிக்கு வந்தபோது நாங்களும் உள்ளே வந்தோம். இறங்கி வருவது ஒன்றரை வருடமாகத் தெரிந்ததால் முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைத்திருந்தேன். மார்ச் கடைசி வாரத்தில் ஆள் தேடி அலைந்த கம்பெனிகளை எனக்குத் தெரியும்.

புதுப்பிப்புச் செலவையும் மாதவாரியாக எழுதிப் பார்த்தபோதுதான் கண் திறந்தது. வேலையை விட்டுப் போன 14 பேரின் மெயில் ஐடிக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தோம். துணி வெட்டும் வடிவம் போடும் பேட்டர்ன் மென்பொருளில் நாலு பேருக்கு லைசென்ஸ், உட்காருவது இரண்டு பேர். மூடிய யூனிட்டில் இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்குப் பக்கம் அதிலேயே மிச்சம். மார்ச்சில் வாங்கிய பழக்கத்தால் ஏஎம்சி எல்லாம் ஏப்ரலில் குவிந்திருந்தது. சிலவற்றைப் பேசி ஜூலைக்குத் தள்ளினேன். எங்களுக்குக் கோடைகால ஆர்டர் போய்ப் பணம் வரும் நேரம் அது. ஆட்களைப் பழக்குவதும் அப்போதுதான். தீபாவளி போனஸ் மாதத்தில் எந்தச் செலவையும் வைக்கமாட்டேன். அந்த மாதம் முதலாளி முன்னால் போய் நிற்கவே பயமாக இருக்கும்.

2022இல் நூல் விலை ஏறியது திருப்பூரில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மே மாதம் பருத்தி ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, லட்சம் ரூபாயைத் தொட்டது. போட்ட ஆர்டரே நட்டத்தில் ஓடியது. பட்ஜெட்டைப் பாதியாக வெட்டு என்றார்கள். இந்த முறை "கொஞ்சம் கொறை" நடக்கவில்லை. தாளை விரித்து ஒவ்வொரு வரியிலும் இருந்த ஆளைக் கேட்டோம். "இது அடுத்த வருஷம் வந்தா உங்களுக்கு என்ன போகும்?" எட்டுப் புதுக் கம்ப்யூட்டர் போனது, அக்கவுண்ட்ஸ் மேனேஜரே விட்டுக்கொடுத்தார். இரண்டாவது குடோனுக்கான தராசு மட்டும் நின்றது. நூல் விலை ஏறியிருக்கும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு வேண்டும் என்று கட்டிங் மாஸ்டர் விடவில்லை.

முதலாளியின் கேள்விக்கு அடங்காத ஒரு செலவும் உண்டு, பேக்கப். "இது இருந்தா ஷிப்மெண்ட் நேரத்துக்குப் போகுமா?" என்று கேட்டால் சாதாரண நாளில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் பட்ஜெட் தாளில் அந்தச் செலவு தோற்றுக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு நாள் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டிருக்கும்போது சர்வர் ஹார்ட் டிஸ்க் போனது. இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் மெயிலில் இருந்த பழைய காப்பியை வைத்து விடியும் வரை கையால் தயாரித்தோம். கண்டெய்னர் நேரத்துக்குப் போய்விட்டது. ஆனால் அடுத்த பட்ஜெட்டில் நான் வேறு மாதிரி கேட்டேன்: "சர்வர் நின்னா எத்தனை மணி நேரம் சமாளிக்கலாம்ங்க?" முதலாளி யோசித்து "அரை நாள்" என்றார். அரை நாளுக்கு இவ்வளவு ஆகும், இரண்டு நாள் பொறுத்தால் இவ்வளவு போதும் என்று இரண்டு விலை வைத்தேன். அவர் அரை நாளையே எடுத்தார். மணி நேரத்தை அவர் சொல்ல வேண்டும், விலையை நான் சொல்ல வேண்டும். நான் இரண்டையுமே சொல்லிக்கொண்டிருந்ததால்தான் தோற்றேன் போலிருக்கிறது.

இப்போது முதலாளி மகன் தொழிலுக்கு வந்திருக்கிறார். ஒரு கண்காட்சியில் துணியின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கேமரா மிஷினைப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணா, இத இந்த வருஷம் போட்றலாம்" என்று நிற்கிறார். 2018இல் நான் இருந்த அதே வேகம். வேண்டாம் என்று சொல்லவில்லை. பையரிடமிருந்து வரும் ஒவ்வொரு புகாரையும் காரணத்தோடு எழுதச் சொன்னேன், அவர் கையாலேயே. இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை துணி ஓட்டையால் ஒன்று, அளவு வித்தியாசத்தால் நாலு, கறையால் இரண்டு. நேற்று அவர் கட்டிங் மாஸ்டரிடம் போய், அளவு ஏன் மாறுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.